கிரீன் கார்டு வரும் முன்னே ஊருக்குப் போக வேண்டுமா? வரிசையாகச் செய்ய வேண்டியவை

கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர். அவர் மூலம் நீங்கள் அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். ஊரில் தங்கை கல்யாணம். டிக்கெட் எடுக்கலாமா?

அட்வான்ஸ் பரோல், அதாவது வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி, வருவதற்கு முன்னால் நாட்டை விட்டுப் போனால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகக் கணக்கு. கட்டிய பணமும் திரும்பி வராது. ஆகவே டிக்கெட் கடைசி வேலை.

படி 1: உங்கள் விசா எது என்று பாருங்கள்

எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்கள், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, எல்-2 போன்ற சில நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. அந்த நிலை தொடர்ந்து, பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா ஸ்டாம்பிங்கோடு திரும்பி வந்தால் ஐ-485 பிழைக்கும். எஃப்-1 மாணவர்களுக்கும், பி-2 சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கும் இது கிடையாது. அவர்களுக்கு அட்வான்ஸ் பரோல் ஒன்றே வழி.

படி 2: அட்வான்ஸ் பரோலுக்கான ஐ-131 படிவத்தைப் போடுங்கள்

ஐ-485 அனுப்பும்போதே சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது. பிறகு போடுகிறீர்கள் என்றால் ஐ-485 ரெசிப்ட் நகல், புகைப்பட அடையாள அட்டை நகல், இரண்டுக்கு இரண்டு அங்குலப் புகைப்படம் இரண்டு, எதற்காகப் போகிறீர்கள் என்ற விளக்கம் ஆகியவை வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் இதற்குத் தனிக் கட்டணம். தாளில் அனுப்பினால் 630 டாலர். அனுப்பும் அன்று யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடிவரவுத் துறை) தளத்தில் கட்டணத்தையும் படிவத்தின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். பழைய படிவம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 3: ரெசிப்டை அனுமதி என்று நினைக்காதீர்கள்

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் மனைவி எஃப்-1இல் இருந்தபோது, மதுரையில் மாமனாரை ஐசியூவில் சேர்த்துவிட்டார்கள். ஐ-131 ரெசிப்ட் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு பெட்டி கட்டிவிட்டாள். அந்தத் தாளின் தலையிலேயே, இந்த அறிவிப்பு எந்தக் குடிவரவு நிலையையும் சலுகையையும் தராது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். பதற்றத்தில் யார் கண்ணில் படும்? அன்று கிளம்பியிருந்தால் ஐ-485, ஐ-131 இரண்டுமே போயிருக்கும்.

படி 4: அவசரம் என்றால்

800-375-5283 என்ற எண்ணில் யுஎஸ்சிஐஎஸ் தொடர்பு மையத்தைக் கூப்பிட்டு, உள்ளூர் அலுவலகத்தில் அவசர அட்வான்ஸ் பரோலுக்கு நேரம் கேளுங்கள். பூர்த்தி செய்த புதிய ஐ-131, கட்டணம், புகைப்படங்கள், அவசரத்துக்கான சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். நாங்கள் கொண்டுபோனது மருத்துவமனை முத்திரையோடு டாக்டர் எழுதிய ஆங்கிலக் கடிதம். ஊரில் இருப்பவர்களிடம் முதல் நாளே அதை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

படி 5: இப்போது டிக்கெட்

பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, புகைப்படப் பதிவு) முடிந்துவிட்டதா, நேர்காணல் தேதி வந்திருக்கிறதா என்று பார்த்துத் தேதி குறியுங்கள். தெரிவிக்காமல் அவற்றுக்குப் போகாவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். அப்புறம், பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா காலாவதியாகியிருந்தால், லண்டனோ ஐரோப்பாவோ வழியாகப் போவதற்கு முன் டிரான்சிட் விசா தேவையா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். அட்வான்ஸ் பரோல் தாள் விசா ஆகாது. துபாய், தோஹா வழி இந்த விஷயத்தில் எளிது.

முன்பு விசா காலம் கடந்து தங்கியவர்களும், போலீஸ் வழக்கு உள்ளவர்களும் வக்கீலைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. பரோல் இருந்தாலும் உள்ளே விடுவது விமான நிலைய அதிகாரியின் முடிவு.

படி 6: திரும்பும்போது

பரோல் அசல் தாள், ஐ-485 ரெசிப்ட், திருமணச் சான்றிதழ் நகல் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. சென்னை கவுண்டரில் விசா எங்கே என்று கேட்பார்கள். அந்தத் தாளைக் காட்டுங்கள். அமெரிக்காவில் இறங்கியதும் பெரும்பாலும் தனி அறைக்கு அனுப்புவார்கள். பரோலில் வருகிறவர்களுக்கு அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஐ-94 என்ற உள்நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பரோலில் வந்ததைக் குறிக்கும் டிஏ (DA) என்ற வகை அதில் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.