வேன்ல பேட்டரி வெச்சு ஏசி ஓட்டணும்னா
வேலூர் கத்திரி வெயில் 40 டிகிரிய தாண்டும்போது நிறுத்தி வெச்ச வேனுக்குள்ள படுக்கணும்னா ஏசி வேணும்தான், ஆனா வீட்டு இன்வெர்ட்டர தூக்கி உள்ள வெச்சா போதும்னு நினைக்காதீங்க. மொதல்ல ஏசிய பாருங்க. 1 டன் இன்வெர்ட்டர் ஏசியா வாங்குங்க, கம்ப்ரஸர் மெதுவா கிளம்பும், ஃபுல்லா ஓடினா சுமார் 1000 வாட்ஸ், உள்ள குளிர்ந்ததும் நல்லாவே குறைஞ்சிடும். பழைய டைப் ஏசி கிளம்புற நொடில பல மடங்கு கரண்ட் இழுக்கும், பேட்டரில இருந்து கரண்ட மாத்திக் குடுக்குற இன்வெர்ட்டர் டிரிப் ஆயிடும்.

12 வோல்ட் பேட்டரி வேணவே வேணாம். 1000 வாட்ஸுக்கு 90 ஆம்பியருக்கு மேல ஓடும், ஒயர் மெல்லிசா இருந்தா கொதிக்கும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு, அதே 48 வோல்ட்னா 25 ஆம்பியருக்குள்ள முடிஞ்சிடும். 48 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரில கிட்டத்தட்ட 5 யூனிட் இருக்கும், சராசரியா 500 வாட்ஸ் இழுத்தா 7, 8 மணி நேரம் தாங்கும். ஒரே ஒரு 12 வோல்ட் 150 ஆம்பியர் ஹவர் ஆசிட் பேட்டரில ஏசி ஃபுல்லா ஓடினா ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிசு.

பேட்டரிக்கான இன்வெர்ட்டர் ப்யூர் சைன்வேவ், அதாவது வீட்டு லைன் மாதிரியே சீரா கரண்ட் தர்ற டைப், 2000 வாட்ஸாவது இருக்கட்டும். பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. அப்புறம் வண்டிய நிழல்ல நிறுத்துங்க, கூரைக்கு தெர்மல் ஷீட் ஒட்டுங்க, ஏசிய 26 டிகிரில வைங்க.