இடது சிக்னல் போட்டால் வலதும் மின்னிய பழைய லொறி

யாழ்ப்பாணத்தில் ஓடும் எங்கள் பழைய 24 வோல்ட் லொறிக்கு நாலு சிக்னலும் எல்இடியாக மாற்றிய பிறகுதான் இந்தக் கோளாறு. இடது போட்டால் வலதும் சேர்ந்து மின்னும். வலது போட்டாலும் அப்படியே.

கடற்காற்றுக்கு ஏர்த் (கரண்ட் சேசிஸ் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடித்திருக்கும் என்பதே முதல் சந்தேகம். பின் லைட்டுகளின் ஏர்த் போல்ட்டைக் கழட்டி, துருவைச் சுரண்டி, சேசிஸுக்குப் புது வயரும் இழுத்தாச்சு. மாற்றமில்லை. எல்இடி போட்டதிலிருந்து சிக்னல் படபடவென்று வேகமாகவும் அடித்தது. சிக்னலை மின்ன வைக்கும் பிளாஷரை எலக்ட்ரோனிக் ஒன்றாக மாற்றியதும் அது நின்றது, இரண்டு பக்கமும் மின்னுவது நிற்கவில்லை. சிக்னல் சுவிட்சுக்கு மீற்றர் பிடித்தால் அதுவும் சரி.

காரணம் டாஷ்போட்டில் இருந்தது. இந்த லொறியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பச்சை லைட்தான். அந்தச் சின்ன பல்புக்கு ஏர்த் வயரே கிடையாது. ஒரு கால் இடது லைனில், மற்றது வலது லைனில். இடது போடும்போது கரண்ட் அதற்குள்ளால் போய், வலப்பக்கத்தில் முன்பு இருந்த 21 வாட் பல்புகளின் இழை வழியே ஏர்த்துக்கு இறங்கும். அந்தச் சொற்பக் கரண்டுக்கு இழை ஒளிராது. எல்இடிக்கு அதுவே தாராளம்.

சோதிப்பது சுகம்: பச்சை பல்பைக் கழட்டிவிட்டு சிக்னல் போடுங்கோ. மற்றப் பக்கம் மின்னாவிட்டால் இதுதான் கோளாறு.

கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் 1என்4007 டயோட் இரண்டு வாங்கி, லைனுக்கு ஒன்றாக வைத்தேன். வெள்ளிக் கோடுள்ள முனைகள் இரண்டையும் சேர்த்து பல்பின் ஒரு காலுக்கு. மற்றக் கால் சேசிஸுக்கு. தலையிடி தீர்ந்தது. ஈயம் பிடித்த இடங்களுக்கு ஸ்லீவ் போடாமல் விடாதேயுங்கோ, டாஷ்போட் தகட்டில் முட்டினால் பியூஸ் போய்விடும்.