தலைக்கு மேலே போன செயற்கைக்கோள் மட்டும் டீகோட் ஆகவில்லை

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்), செயற்கைக்கோள் சிக்னலைப் பதிவுசெய்யும் சாட்நாக்ஸ் மென்பொருள். 437 மெகாஹெர்ட்ஸில் கியூப்சாட் எனும் குட்டிச் செயற்கைக்கோள்களைக் கேட்கும் சின்ன தரைநிலையம். அடிவானத்தை ஒட்டிப் போகும் செயற்கைக்கோள்களின் டேட்டா ஒழுங்காக வந்தது. நேர் மேலே, பலமான சிக்னலோடு போனவற்றில் ஒரு பாக்கெட்கூட இல்லை. தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பினேன்.

முதலில் ஆன்டெனாவைச் சந்தேகித்தேன். கேபிள் மாற்றினேன், பிபிஎம் (ரிசீவரின் அதிர்வெண் பிழை) திருத்தினேன், டிஎல்இ (செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தரவு) புதுப்பித்தேன். நான்கு நாள் போனது.

அப்புறம் வாட்டர்ஃபால் படத்தை (அதிர்வெண் இடவலமாக, நேரம் மேல்கீழாக) பொறுமையாகப் பார்த்தேன். செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் நகர்வதுதான் டாப்ளர்; மென்பொருள் அதைக் கடிகார நேரத்தை வைத்துக் கணக்கிட்டுத் திருத்தும். அதற்குப் பிறகு சிக்னலின் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். பிபிஎம் பிழை என்றால் முழுக்கோடும் ஒரே அளவு நகரும். இதுவோ இரு முனைகளிலும் சரியாக இருந்து, நடுவில் மட்டும் இடப்பக்கம் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் புடைத்திருந்தது. டாப்ளர் மிக வேகமாக மாறுவது செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் வரும்போதுதான்; நேரம் தவறினால் திருத்தம் அதிகம் பிசகுவதும் அப்போதுதான். ஆக, கோளாறு அதிர்வெண்ணில் இல்லை, நேரத்தில்!

டைம்டேட்சிடிஎல் கட்டளையில் கடிகாரம் ஒத்திசையவில்லை என்று வந்தது. 19 விநாடி பின்தங்கியிருந்தது. பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது; அணைத்து எழுப்பும்போதெல்லாம் பின்தங்கும், இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபிதான் சரிசெய்ய வேண்டும். ரவுட்டரின் ஃபயர்வால் என்டிபிக்கான யுடிபி 123 போர்ட்டை அடைத்திருந்தது (அதுவும் நானே எப்போதோ போட்ட விதி).

திறந்துவிட்டேன். அடுத்து மேலே போனதில் கோடு நூல் பிடித்த மாதிரி நின்றது, பாக்கெட்டுகளும் வந்தன. அப்பாடா!