துன்புறுத்தலுக்கு உள்ளாகும் மாணவர் உளவளத்துணையை நாடுவது எப்படி: பம்பைமடு, அறிவியல் நகர் மாணவருக்கான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை பெறுவது வேறு, முறைப்பாடு செய்வது வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ மாணவர்கள் ஆலோசகரின் அறை வரை வந்தும் கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிறார்கள். உள்ளே போய் வாயைத் திறந்தால் பெயர் வெளியே வந்துவிடும், சிரேஷ்ட மாணவர்கள் அறிந்துவிடுவார்கள், பொலிஸ் வரும், வீட்டுக்குத் தகவல் போகும் என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. உளவளத்துணை என்பது நேர்ந்ததைப் பாதுகாப்பான இடத்தில் சொல்லி, கலங்கிய மனத்தை நிலைப்படுத்தி, அடுத்து என்ன செய்வது என்பதை நீங்களே தீர்மானிப்பதற்குக் கிடைக்கும் உதவி. முறைப்பாடு என்பது தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுக்குமாறு நிர்வாகத்திடமோ சட்டத்திடமோ கேட்பது. முறைப்பாடு செய்யச் சம்மதித்தால்தான் உளவளத்துணை கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை. முதலில் உதவியைப் பெறுங்கள். முறைப்பாட்டைப் பற்றி அதன் பிறகு, உங்கள் விருப்பப்படி, முடிவு செய்யலாம்.

வன்னியில் இன்று பல்கலைக்கழகக் கல்வி முக்கியமாக இரண்டு இடங்களில் நடக்கிறது. வவுனியா மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கும் வவுனியா பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. இந்த வேறுபாடு உங்களுக்கு நடைமுறையில் முக்கியமானது. பம்பைமடு மாணவருக்குத் துணைவேந்தரும் பதிவாளரும் ஒரே வளாகத்திலேயே இருக்கிறார்கள். அறிவியல் நகர் மாணவருக்கோ அந்த அலுவலகங்கள் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கின்றன. ஆகவே அறிவியல் நகரில் படிப்பவர் தம் பீடாதிபதியையும் பீடத்தின் மாணவர் ஆலோசகரையும் முதலில் நாடுவதும், திருநெல்வேலிக்கு அனுப்பவேண்டியதைப் பதிவுத்தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி அதன் சான்றை வைத்துக்கொள்வதும் நல்லது.

எது துன்புறுத்தல், எது பாரபட்சம்

பகிடிவதை என்றால் அடிப்பது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், ஒரு மாணவருக்கோ கல்வி நிறுவனப் பணியாளருக்கோ உடற்காயத்தை மட்டுமன்றி உளக்காயத்தையும் மனவேதனையையும் அச்சத்தையும் விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய செயலையும் பகிடிவதை என்றே கொள்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் வரையான கடூழியச் சிறைத்தண்டனை உண்டு. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ நேர்ந்தால் அது பத்து ஆண்டுகள் வரை செல்லும். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதைக்கு உள்ளாகி, சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்ததற்கு மறு ஆண்டு இந்தச் சட்டம் வந்தது. இது விளையாட்டு, இது மரபு, எங்களுக்கும் செய்தார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பிள்ளையின் சாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் தொலைபேசியில் அழைத்து மணிக்கணக்காக வைத்திருப்பது, அருவருப்பான பட்டப்பெயரைச் சூட்டி அதைச் சொல்லியே அறிமுகம் செய்யுமாறு கட்டாயப்படுத்துவது, வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு இழிவுசெய்வது ஆகியவற்றைச் சகித்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பாரபட்சம் பெரும்பாலும் இதைவிட அமைதியாக நடக்கும். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் எவருக்கும் ஓரவஞ்சனை காட்டலாகாது என்கிறது. வன்னியில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது. மலையகத்திலிருந்து வன்முறைக்குத் தப்பி வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையை அந்தப் பூர்வீகத்தைச் சொல்லி இழித்தல், குழுச்செயற்பாட்டில் சாதி பார்த்து ஒதுக்குதல், முஸ்லிம் மாணவியின் உடையைக் கேலிசெய்தல், தமிழர் நடுவே தனித்து நிற்கும் சிங்கள மாணவரை ஒதுக்கிவைத்தல், செல்வீச்சில் காலை இழந்தவருக்கு மாடியில் வகுப்பு வைத்துவிட்டு ஏறி வரச்சொல்லுதல், தாயோ தந்தையோ போராளியாக இருந்ததைச் சொல்லி மிரட்டுதல் எல்லாம் பாரபட்சமும் துன்புறுத்தலும்தான். இதைச் செய்பவர் சக மாணவராக இருந்தாலும் விரிவுரையாளராக இருந்தாலும் நீங்கள் உதவி கேட்கலாம்.

யாரிடம் போவது

பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர் என்று அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். கற்பித்தலுடன் சேர்த்து இந்தப் பொறுப்பையும் ஏற்றவர்கள். அவர்களுக்கு மேலாகச் சிரேஷ்ட மாணவர் ஆலோசகர் ஒருவர் இருப்பார். நிர்வாகத்துடன் பேசுவது, விடுதி அறையை மாற்றித் தருவது, விரிவுரைக்கு வராத நாட்களைப் பற்றிப் பீடாதிபதிக்கு விளக்குவது போன்றவற்றில் இவர்களால் விரைவாக உதவ முடியும். ஆனால் இவர்கள் எல்லோரும் உளவளத்துணையில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அதோடு நிர்வாகப் பொறுப்பில் இருப்பதால் பகிடிவதை பற்றி அறிந்தால் மேலே அறிவிக்கவேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கக்கூடும். தொழில்முறையாகப் பயின்ற உளவளத்துணையாளர் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா, எந்த நாட்களில் வருகிறார் என்பதை மாணவர் நலப் பிரிவிலோ சுகாதார நிலையத்திலோ கேட்டறியலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அங்கே விளக்கத் தேவையில்லை.

உங்களைத் துன்புறுத்துபவர் உங்கள் துறை விரிவுரையாளராக இருந்தால், அவருடன் ஒரே துறையில் பணியாற்றும் ஆலோசகரிடம் போகாமல் வேறு பீடத்து ஆலோசகரைக் கேளுங்கள். சிறிய வளாகங்களில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள் என்பதால், வெளியில் உதவி தேடுவது சில வேளைகளில் நிம்மதியைத் தரும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் பணியாற்றுகிறார்கள். வவுனியா, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளுக்கும் போகலாம். இவை இலவச அரச சேவைகள். நேரில் போக முடியாத நிலையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பெண்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும் பயன்படுத்தலாம்.

முதற் சந்திப்பு

முதல் நாளிலேயே முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “சேர், எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு. அதைச் சொல்ல முதல், நான் சொல்றது யாருக்குத் தெரியவரும் எண்டு அறிய விரும்புறன்.” இந்தக் கேள்வியைக் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல; நல்ல ஆலோசகர் அதை எதிர்பார்த்தே இருப்பார். உங்கள் உயிருக்கோ வேறொருவரின் உயிருக்கோ ஆபத்து இருக்கும்போதும் நீதிமன்றம் கட்டளையிடும்போதும் உளவளத்துணையாளரால் இரகசியம் காக்க முடியாமற் போகலாம். இவை தவிர வேறு எதை, யாருக்குச் சொல்ல நேரும் என்பதை அவரே தெளிவாகச் சொல்ல வேண்டும். விடை மழுப்பலாக இருந்தால் அன்று பொதுவாகப் பேசிவிட்டு எழுந்து வந்து வேறொருவரைத் தேடலாம்.

போர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வளாகங்களுக்கு வரும் வன்னிப் பிள்ளைகளில் பலர் 2009இல் சிறுவர்களாக இருந்தவர்கள். பெற்றோரின் கையைப் பிடித்தபடி முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்தவர்கள். இருட்டில் வரிசையாக நிறுத்தி உரத்த குரலில் அதட்டினால், முழந்தாளில் இருத்தினால், பிறர் ‘சும்மா பகிடி’ என்று கடந்து போகும் அந்தச் செயல் இவர்களது உடலில் பழைய அச்சத்தை எழுப்பிவிடக்கூடும். நித்திரை வராமை, நெஞ்சு படபடத்தல், காரணமின்றிக் கை நடுங்குதல், சாப்பாடு இறங்காமை ஆகியவை பலவீனத்தின் அடையாளங்கள் அல்ல. இவற்றை உளவளத்துணையாளரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் இழப்பு இருந்தால், அதைச் சொல்ல விரும்பினால், அதையும் சொல்லுங்கள். உங்களுக்கு எவ்வகை உதவி தேவை என்பதை அவர் தீர்மானிப்பதற்கு அந்தத் தகவல் மிகவும் பயன்படும். எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் உங்கள் உரிமை.

ஒருவரிடம் இரண்டு மூன்று முறை போயும் அவர் “அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கோ”, “நீங்களும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்” என்றே பேசினால், அவரிடம் தொடர்ந்து போவதால் பயன் இல்லை. அது உங்கள் குறை அன்று. ஆலோசகரை மாற்றித் தருமாறு கேட்கலாம்.

குறித்துவைத்தல்

முறைப்பாடு செய்ய இப்போது எண்ணம் இல்லாவிட்டாலும் நடந்ததைக் குறித்துவையுங்கள். பிறகு மனம் மாறினால் நினைவு கைகொடுக்காது. விடுதி அறையில் வைக்கும் கொப்பியைவிட, உங்கள் பெயரில் உங்களுக்கே அனுப்பும் மின்னஞ்சல் பாதுகாப்பானது. திகதியும் நேரமும் தானாகப் பதிவாகும். உணர்ச்சியை எழுதலாம், ஆனால் தரவுகளைத் தனியாக எழுதுங்கள்: “செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை அளவில், ஆண்கள் விடுதியின் பின்பக்கத் தண்ணீர்த் தாங்கியடியில், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் என்னை முழந்தாளில் இருத்தினார்கள், ஒருவரின் பெயர் இது, அவர் சொன்ன வார்த்தைகள் இவை, என் அறை நண்பர் தூரத்தில் நின்று பார்த்தார்.” வாட்ஸ்அப்பில் வந்ததைத் திரைப்பிடிப்பு எடுக்கும்போது அனுப்பியவரின் பெயர் மட்டுமன்றித் தொலைபேசி இலக்கமும் திகதியும் தெரியும்படி எடுங்கள். குரற்பதிவை உடனே வேறிடத்தில் சேமியுங்கள். அனுப்பியவர் பிறகு அதை அழித்துவிடக்கூடும்.

பாலியல் வன்முறை நேர்ந்திருந்தால் குறிப்பெழுதுவதையும் ஆலோசகரைத் தேடுவதையும் பிறகு பார்க்கலாம். முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரக் கருத்தடையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலங்களுக்குள், முடிந்தவரை விரைவாகத் தொடங்க வேண்டியவை. முடிந்தால் குளிக்காமலும், உடுத்திருந்த உடையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் இட்டும் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அது உதவும். குளித்துவிட்டாலும் போகத் தயங்க வேண்டாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பொலிஸின் 119.

முறைப்பாடு செய்யத் தீர்மானித்தால்

உங்களுடன் உட்கார்ந்து முறைப்பாட்டை ஒழுங்குபடுத்த உளவளத்துணையாளர் உதவலாம், எழுதவேண்டியது நீங்கள். பீடாதிபதிக்கோ பதிவாளருக்கோ துணைவேந்தருக்கோ திகதியிட்டு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்குங்கள். பல்கலைக்கழகத்துக்குள் நடவடிக்கை இல்லையென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். விசாரணைக் காலத்தில் எதிர்த்தரப்பினருடன் ஒரே விடுதியில் இருக்க நேரிட்டால், அறை மாற்றத்தையோ அவர்கள் உங்களை நெருங்காதிருக்கும் ஏற்பாட்டையோ அதே கடிதத்தில் கேளுங்கள். பின்னர் வாய்மொழியாகக் கேட்டால் அது எங்கும் பதிவாகாது.

காலவரையறை ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அரச பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செயல் உங்கள் சமத்துவ உரிமையை மீறியிருந்தால், அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது; அவசர அழைப்பு இலக்கம் 1996. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முறைப்பாட்டைக் கொடுத்து வாரக்கணக்காக மறுமொழி இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நிலையைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தகவல் வழங்குவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

நண்பரும் வீட்டாரும்

உங்கள் அறைத் தோழி இதையெல்லாம் உங்களிடம்தான் முதலில் சொல்கிறாள் என்றால், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்க வேண்டாம். நான் என்ன செய்யவேண்டும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். அவள் அனுமதியின்றி அதை வேறு எவரிடமும், நல்லெண்ணத்தோடுகூட, சொல்ல வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் வெளியிட்டால் மட்டும் அந்த வரம்பு பொருந்தாது, அவளைத் தனியே விடாமல் உடனே ஆலோசகரிடமோ வைத்தியசாலைக்கோ அழைத்துப் போங்கள்.

வீட்டாருக்குச் சொல்வது பலருக்கு மிகக் கடினமான பகுதி. முல்லைத்தீவிலோ மடுவிலோ கூலி வேலை செய்து பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பிய தாய், செய்தி கேட்டதும் “படிச்சது காணும், வந்திடு பிள்ளை” என்று சொல்லிவிடுவாள் என்ற பயம் நியாயமானதே. அப்படியான நிலையில் பெற்றோரை வரவழைத்து ஆலோசகரின் முன்னிலையில் பேசலாம். என்ன நடந்தது, என்ன பாதுகாப்புச் செய்யப்பட்டிருக்கிறது, படிப்பு எப்படித் தொடரும் என்பவற்றை ஆலோசகரே அவர்களுக்கு விளக்குவார். எந்த அளவுக்குச் சொல்லவேண்டும் என்பதைச் சந்திப்புக்கு முன்பே அவருடன் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்ல விரும்பாத பகுதியை அவர் பெற்றோரிடம் எடுக்காதிருப்பதற்கு அதுவே வழி.