பேய்க்குத் தனி மதிப்பெண்

பிடித்த பேய்-துப்பறியும் நாவல் தொடரைத் தரவரிசைப்படுத்தும்போது கொலைப் புதிருக்கு ஒரு மதிப்பெண், பேய்க்குத் தனியாக ஒன்று போடுங்கள். கிளியோ காயிலின் ‘ஹான்டட் புக்‌ஷாப்’ வரிசைக்கு நான் அப்படித்தான் செய்தேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் புத்தகக் கடை நடத்தும் பெனலோப்பிக்கு, 1949இல் அந்தக் கட்டடத்தில் கொல்லப்பட்ட துப்பறிவாளர் ஜாக் ஷெப்பர்டின் குரல் கேட்கும். இருவரும் பேசிக்கொள்வதுதான் தொடரின் அழகே! திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பழைய நூல் தொகுதிகளைச் சுற்றி நடக்கும் மூன்றாவது நூலுக்கே என் முதலிடம். 2009இல் வந்த ஐந்தாவதுக்குப் பிறகு அடுத்தது 2018இல்தான் வந்தது. அதனால் முதல் ஐந்தையும் பிந்தையவற்றையும் தனித்தனியாக வரிசைப்படுத்துங்கள். அப்புறம், படித்து முடித்த அன்றே மதிப்பெண்ணைக் குறித்துவிடுங்கள். மாதம் கழிந்தால் கொலையாளி யாரென்பதே மறந்துவிடும்.