தாய்லாந்துக் கிராமத்தில் குடியேறும் டச்சுக்காரருக்கு

நெதர்லாந்தில் வேலையை முடித்துக்கொண்டு, தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில், பெரும்பாலும் மனைவியின் ஊரில், வீடு கட்டி உட்காருபவர்களுக்கான குறிப்புகள் இவை. பிறப்பால் டச்சுக்காரரானாலும், ஈழத்திலிருந்து போய் டச்சுக் குடியுரிமை வாங்கியவரானாலும் விதி ஒன்றுதான். முதலில் இடறிவிடுவது தேதிகள். எந்தத் தாள் எந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புறப்படும் முன்

12 மாதத்தில் 8 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கப்போகிறவர் நகராட்சிப் பதிவிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். புறப்படும் நாளுக்கு முந்தைய 5 நாட்களுக்குள்தான் இதைச் செய்ய முடியும். பெயர் எடுத்ததற்கான சான்றைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பின்னால் ஓய்வூதிய நிதியும் வரி அலுவலகமும் அதைக் கேட்கும்.

பெயர் எடுத்த பிறகு கட்டாய மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். மருத்துவச் செலவை ஏற்க நெதர்லாந்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளில் தாய்லாந்து இல்லை. அதனால் தனியார் காப்பீட்டை, பழையது உயிரோடு இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு நோயும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கேட்டால் அந்த நோயைத் தவிர்த்துத்தான் காப்பீடு தருவார்கள், அல்லது தரவே மாட்டார்கள்.

ஆ.ஓ.வே. எனப்படும் அரசு முதியோர் ஓய்வூதியம் நெதர்லாந்தில் வசிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2% சேரும். வெளியேறியதும் சேர்வது நிற்கும். ஓய்வு வயதுக்கு முன்பே போகிறவர் கையிலிருந்து கட்டித் தொடரலாம்; அதற்கு ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதிகபட்சம் 10 ஆண்டு கட்டலாம்.

டச்சு அரசுத் தளங்களுக்குள் நுழைய உதவும் டிஜிடி செயலியைப் புறப்படும் முன்பே போனில் இயக்கிவையுங்கள். டச்சு வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீடு வர வேண்டுமே என்பதற்காகப் பழைய சிம்மை வைத்துக்கொள்பவர்கள், ப்ரீபெய்டு சிம் என்றால் அவ்வப்போது பணம் போட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே குடிபோனவரின் கணக்கை மூடிவிடும் வங்கிகளும் உண்டு. முகவரி மாற்றும் முன் கேட்டுவிடுவது நல்லது.

பெட்டியில் இரண்டு பொருள் கவனம். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை போல டச்சு அபினிச் சட்டத்துக்குள் வரும் மருந்து என்றால், மருத்துவரின் ஆங்கிலச் சான்றை சே.ஆ.கா. எனப்படும் டச்சு அரசு மருத்துவ நிர்வாக அலுவலகத்தில் முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். தாய்லாந்தின் மருந்து விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். மின்சிகரெட்டைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே அதை இறக்குமதி செய்வது குற்றம்.

8,00,000 பாட் கணக்கு

50 வயது கடந்தவர் வழக்கமாக எடுப்பது நான்-இமிக்ரன்ட் ஓ விசா. முதலில் 90 நாள் கிடைக்கும். அதை உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டுக்கு நீட்டிக்க வேண்டும். கட்டணம் 1,900 பாட். பணத் தகுதி மூன்று வழியில் காட்டலாம்: தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8,00,000. ஆ.ஓ.வே. மட்டும் என்றால் பெரும்பாலும் 65,000-ஐ எட்டாது. அப்படிப்பட்டவருக்கு மூன்றாவது வழி. தாய்லாந்து மனைவியை முன்னிட்டு நீட்டிப்பவருக்கு 4,00,000 போதும், ஆனால் தாள்கள் இரட்டிப்பாகும். வீட்டுக்குள் இருவரும் இருக்கும் படம் வரை கேட்பார்கள்.

வங்கி வழியில் போகிறவர் தவறுவது முதல் ஆண்டில்தான். விண்ணப்பிக்கும் நாளில் பணம் கணக்கில் வந்து 2 மாதம் ஆகியிருக்க வேண்டும். கையில் இருப்பதோ 90 நாள். ஆகவே வந்திறங்கிய 3 வாரத்துக்குள் கணக்கு தொடங்கிப் பணமும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். "ஊரில் செட்டிலாகிவிட்டுப் பார்ப்போம்" என்று ஒரு மாதம் கடத்தியவருக்கு நாள் போதாது. கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கட்டும். கூட்டுக் கணக்கு சிக்கல்.

விண்ணப்பிக்கும் நாள் காலையில் வங்கிக்குப் போய் 100 பாட் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதி பதிவாகும்படி அச்சடித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடிதமும் அன்றே வாங்குங்கள். பாஸ்போர்ட் பக்கங்கள், பாஸ்புக் பக்கங்கள் எல்லாவற்றின் நகலிலும் நீல மையால் கையெழுத்து.

நீட்டிப்பு கிடைத்ததும் பணத்தைத் தொடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த 3 மாதம் 8,00,000 அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் 4,00,000-க்குக் கீழே இறங்கக் கூடாது. மறுநீட்டிப்புக்கு 2 மாதம் முன்பு மறுபடி முழுத்தொகை. இப்படி ஏற்றி இறக்கிக் கணக்குப் பார்ப்பதைவிட, அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுவதே மேல்.

இன்னொன்று: பாஸ்போர்ட் முடிய 8 மாதம்தான் இருக்கிறது என்றால் நீட்டிப்பும் 8 மாதத்துக்குத்தான் விழும். டச்சு பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும் என்பதால், பாங்காக்கிலுள்ள டச்சுத் தூதரகத்துக்கான பயணத்தை நீட்டிப்புக்குப் பல மாதம் முன்பே வையுங்கள். புதிய பாஸ்போர்ட் வந்ததும் பழைய முத்திரைகளைக் குடிவரவு அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும்.

ஆண்டு முழுவதும் ஓடும் தேதிகள்

ஒரே முகவரியில் இருந்தாலும் 90 நாளுக்கு ஒருமுறை டி.எம்.47 படிவத்தில் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். நேரில் போனால் 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம். விட்டால் அபராதம் 2,000 பாட். ஓராண்டு நீட்டிப்பு வாங்கிய நாளே இதற்கும் சேர்த்தி என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. அது வேறு, இது வேறு. நாட்டைவிட்டுப் போய்த் திரும்பினால் 90 நாள் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

டி.எம்.30 என்பது வீட்டுக்காரர் தெரிவிப்பது: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள். வீடு மனைவி பெயரில் என்றால் மனைவிதான் வீட்டுக்காரர். அந்த ரசீது இல்லாமல் நீட்டிப்புக் கோப்பைத் தொடாத அலுவலகங்கள் உண்டு.

பேரப்பிள்ளையைப் பார்க்க நெதர்லாந்து போகிறீர்களா? மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால் ஓராண்டு நீட்டிப்பு அத்தோடு செத்தது. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. திரும்பும்போது 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். வருவதற்கு 3 நாளுக்குள், இலவசமாக. பணம் கேட்கும் தளம் போலி.

நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து வருவது உயிர்ச்சான்று. ஆ.ஓ.வே. வழங்கும் எஸ்.வே.பே. அனுப்பும் படிவத்தைத் தாய்லாந்தின் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டோடு நேரில் போங்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள். தபால் பல வாரம் பிடிக்கும், தாமதமானால் பணம் நிற்கும். சேர்ந்து வாழத் தொடங்கியதையும் தெரிவிக்க வேண்டும்: தனியாக இருப்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 70%, துணையோடு இருப்பவருக்கு 50% என்பதே அடிப்படை. மறைத்து வாங்கியதைப் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

தாய்லாந்தில் ஆண்டுக்கு 180 நாள் இருப்பவர் அங்கே வரிக்கு உட்பட்டவர். 2024 முதல் வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானமும் கணக்கில் வரும். எந்த ஓய்வூதியத்துக்கு எந்த நாடு வரி போடும் என்பதை ஒப்பந்தம் தெரிந்தவரிடம் ஒருமுறை காசு கொடுத்துக் கேட்பது லாபம்.

தாள்களில் உள்ள ஆண்டு புத்த ஆண்டு. 543 கழித்தால் நம் ஆண்டு: 2569 என்றால் 2026.

பெயர் இன்னொரு தொல்லை. டச்சு பாஸ்போர்ட்டில் மூன்று முன்பெயர், அதன் பின் 'ஃபன் டென்' என்று ஒட்டு, அதன் பின் குடும்பப் பெயர். டச்சு வங்கியிலோ வெறும் முதலெழுத்துகள். இதைத் தாய் எழுத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி எழுதும். திருமணப் பதிவில் ஒன்று, ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று, நில அலுவலகத்தில் ஒன்று என்று மூன்று ஆளாகிவிடுவீர்கள். முதலில் சான்றிட்ட மொழிபெயர்ப்பில் வந்த எழுத்தை ஓர் அட்டையில் அச்சடித்துப் பணப்பையில் வைத்து, எங்கே போனாலும் அதையே நீட்டுங்கள்.

வீடு: மின்சாரமும் தண்ணீரும்

மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அலைவெண்ணும் அதே 50 ஹெர்ட்ஸ். அதனால் டச்சுச் சாமான்கள் ஓடும். ஆபத்து பிளக்கில் இருக்கிறது. டச்சு பிளக்கில் எர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகட்டில். தாய்லாந்து சாக்கெட்டில் எர்த் தனித் துளை. இரண்டு உருளைக் கம்பியும் உள்ளே போய்விடும், மெஷினும் சுற்றும், ஆனால் எர்த் எங்கும் தொடாது. லேப்டாப் உடம்பில் சுருக்கென்றால் அது எச்சரிக்கை. வாஷிங் மெஷினுக்கு அப்படி விட்டால் உயிருக்கே உலை. பிளக்கை வெட்டி, மூன்று கம்பியுள்ள தாய்லாந்து பிளக் போடுங்கள்.

குளியலறை வாட்டர் ஹீட்டர் இன்னும் முக்கியம். 3,500 வாட் ஹீட்டர் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், 4,500 வாட் சுமார் 20. அதற்கு மின்பெட்டியிலிருந்து தனி வயர், 4 சதுர மி.மீ.; 30 மில்லிஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கர்; 2.4 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பியை மண்ணில் முழுக்க இறக்கிய எர்த். பழைய கிராமத்து வீடுகளில் சுவரில் மூன்று துளை சாக்கெட் அழகாக இருக்கும். பின்னால் இரண்டு வயர்தான் வந்திருக்கும். கழற்றிப் பார்க்காமல் நம்பாதீர்கள். மீட்டர் 5(15) ஆம்பியர் என்றிருந்தால் ஏசியும் ஹீட்டரும் தாங்காது. மாகாண மின்வாரியத்தில் 15(45) மீட்டருக்கு மனு கொடுக்க வேண்டும்.

தண்ணீர் மோட்டாரை ஊர்க் குழாயில் நேரடியாக மாட்டக் கூடாது. அண்டை வீட்டுத் தண்ணீரை உறிஞ்சும் என்பதோடு குழாயில் உள்ள அழுக்கையும் இழுக்கும். குழாயிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து மோட்டார், பிறகு வீடு. ஈசானில் பல இடத்தில் நிலத்தடியில் உப்புப் பாறை இருப்பதால், கிணறு தோண்டும் முன் பக்கத்து வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்க 20 லிட்டர் கேன்.

கழிவறைக் காகிதம் கூடைக்குள். சிமென்ட் உறைத் தொட்டி சீக்கிரம் நிறையும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் பின்னோக்கி வரும்.

நிலம் வெளிநாட்டவர் பெயரில் வராது. மனைவி பெயரில் வாங்கும்போது, பணம் அவருடையதே என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தக் கையெழுத்துக்குப் பொருள் உண்டு. குடியிருக்கும் உரிமைக்கு, நில அலுவலகத்தில் அனுபோக உரிமையையோ 30 ஆண்டுக் குத்தகையையோ பதிந்துகொள்ளுங்கள். 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதியப்படாவிட்டால் அந்த 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. ஆவணம் 'சனோட்' எனப்படும் முழு உரிமைப் பத்திரமாக இருக்கட்டும். 'சோ போ கோ' என்பது வேளாண் சீர்திருத்த நிலம். அதை விற்க முடியாது, யார் என்ன சொன்னாலும்.

ஊருக்குள்

வந்த வாரமே ஊர்த் தலைவரான பூ-யாய்-பானைப் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு கையெழுத்து தேவைப்படும்போது அறிமுகம் இருக்கும். விடியற்காலை ஒலிபெருக்கியில் பேசுவதும் அவர்தான். அதைப் பற்றிப் புகார் சொல்லிப் பயனில்லை.

டச்சு வழக்கத்தில் குறையை முகத்துக்கு நேரே சொல்வது நேர்மை. இங்கே நாலு பேர் முன்னால் கொத்தனாரிடம் "இது கோணல்" என்று சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே போவார், மறுநாள் வரமாட்டார். ஓரமாகக் கூப்பிட்டு, "இதை எப்படி நேராக்கலாம்?" என்று கேட்டால் வேலை நடக்கும். வயதில் மூத்தவரை 'லுங்', 'பா' என்றும், சற்றே மூத்தவரை 'ப்பீ' என்றும் முறை வைத்தே கூப்பிட வேண்டும்.

சாப்பிட்ட பில்லை ஆளாளுக்குப் பிரிப்பதை 'கோயிங் டச்' என்று சொல்லி ஆங்கிலேயர் டச்சுக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள். தாய்லாந்துக்காரர் அதற்கு 'அமெரிக்கன் ஷேர்' என்கிறார்கள். கிராமத்தில் மூத்தவர் அல்லது வசதியானவர் கொடுப்பார். எல்லோர் கண்ணிலும் அது நீங்கள்தான். அதனால் கூட்டத்தைப் பார்த்து உட்காருங்கள். கடன் கேட்டால், திரும்ப வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையை மட்டும் கொடுங்கள்.

சாவு வீடு தவறக் கூடாது. நம்மூர் மொய்யேதான்: உறையில் பணம், மேலே பெயர், ஒருவர் நோட்டில் எழுதுவார். அக்கம்பக்கம் என்றால் 100, 200 பாட். நெருங்கியவர் என்றால் 500. என்ன தொகை என்று மனைவியையோ பக்கத்து வீட்டாரையோ கேட்டுவிடுங்கள். அதிகம் வைத்தால் அவர்கள் திருப்பிச் செய்யத் திணறுவார்கள். கறுப்பு அல்லது வெள்ளை உடை. மாலையில் பிக்குகள் ஓதும்போது போய் உட்கார்ந்தாலே போதும். தகன நாளில் சந்தனப் பூவை வைத்துவிட்டு வர வேண்டும்.

அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டுப் பேச்சும் வேண்டாம். சட்டப் பிரிவு 112-க்கு 3 முதல் 15 ஆண்டு சிறை.

சாலை, மருத்துவமனை, உயில்

வண்டி இடப்பக்கம். டச்சுக் கார் உரிமத்தோடு வருவது 50 சிசி மொபெட் உரிமம் மட்டுமே. தாய்லாந்தில் எல்லோரும் ஓட்டும் 110, 125 சிசி ஸ்கூட்டருக்கு அது செல்லாது. விபத்தானால் காப்பீடு கைவிரிக்கும். தரைப் போக்குவரத்து அலுவலகத்தில் பைக்குக்குத் தனி உரிமம் எடுங்கள்: குடிவரவு அலுவலகத்தின் வசிப்பிடச் சான்று, மருத்துவச் சான்று தேவை, முதலில் 2 ஆண்டு, பிறகு 5 ஆண்டு.

அவசர மருத்துவ எண் 1669. அரசு மருத்துவமனையில் வரிசை எண் காலை சீக்கிரம் முடிந்துவிடும். காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாரசிட்டமால் மட்டும். இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள்.

கணவர் இறந்ததும் அவர் பெயரில் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கு முடங்கும். அந்த 8,00,000-ஐ எடுக்க, நீதிமன்றம் நியமித்த சொத்து நிர்வாகி வேண்டும். டச்சு உயில் இருந்தாலும், தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தாய் மொழியில் ஓர் உயில் எழுதி, நிர்வாகி பெயரையும் அதிலேயே குறிப்பிடுங்கள். வெளிநாட்டவர் வீட்டில் இறந்தால் உடலை அசைக்கும் முன் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதையும், டச்சுத் தூதரகத்தின் எண்ணையும், உயில் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் தாய் மொழியில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.