ஏற்காட்டில் மளிகைக் கடை: எவ்வளவு சரக்கு எடுப்பது?

புதிதாகக் கடை வைப்பவர்கள் என்னிடம் கேட்பது, "என்னென்ன பொருள் போடலாம்?" என்றுதான். அதை வாடிக்கையாளர்களே ஒரு மாதத்தில் கேட்டுக் கேட்டுச் சொல்லித் தந்துவிடுவார்கள். எவ்வளவு எடுப்பது என்பதில்தான் பணம் முடங்குகிறது.

எங்கள் கடை ஏற்காட்டில். சேலத்து மொத்தச் சந்தையான லீ பஜாரிலிருந்து சரக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாரம் ஒருமுறை, புதன் மதியம் வேனில் வரும். முந்தின நாள் இரவு ஆர்டர் சொல்வோம்.

1. நோட்டு போடுங்கள்

பொருளுக்கு ஒரு பக்கம். தினமும் எத்தனை விற்றது என்று எட்டு வாரம் எழுதுங்கள். சரக்கு தீர்ந்த நாளில் பூஜ்யம் போடாதீர்கள். 'இல்லை' என்று எழுதி, கேட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு ஆளுக்கொரு கோடு போடுங்கள். பூஜ்யம் போட்டால் அந்தப் பொருள் போகவில்லை என்று நோட்டு பொய் சொல்லும். அதை நம்பி அடுத்த வாரம் இன்னும் குறைத்து எடுப்பீர்கள்.

2. அடுத்த வேன் வரை தாங்குமா?

ரஸ்க் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். வாரநாளில் தினம் 4, சனி ஞாயிறு கூட்டத்தில் தினம் 10. ஆக வாரத்துக்கு 40. இதை ஏழால் வகுத்து 'நாளுக்கு ஆறு' என்று வைத்துக்கொண்டால் வாரநாளுக்குக் கூடுதலாகவும் சனி ஞாயிறுக்குக் குறைவாகவும் கணக்கு வரும். கிழமை பார்த்துக் கூட்டுங்கள்.

இன்று செவ்வாய் இரவு. கையிருப்பும் நாளை வருவதும் சேர்ந்து அடுத்த புதன் வரை ஓட வேண்டும். புதனிலிருந்து புதன், 8 நாள்: 40 + 4 = 44. அப்புறம், வழக்கத்தைவிட அதிகம் விற்றாலும் தாங்குவதற்குக் காப்புச் சரக்கு. எட்டு வாரத்தில் அதிகம் விற்ற வாரம் 48, அதாவது 8 கூடுதல். மொத்தம் 52. கையில் 13 இருந்தால் 39 வேண்டும். பெட்டிக்கு 20 என்றால் 2 பெட்டி.

மழைக்காலத்தில் மலைப்பாதையை நம்ப முடியாது. இன்னொரு நாள் விற்பனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. போன வருஷ நோட்டில் அதே வாரத்தைப் பாருங்கள். முதல் வருஷமா? பக்கத்துக் கடை அண்ணனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

3. மாத வரம்பு

எல்லாம் வாங்கின விலையில்: மாதம் விற்கப்போவது 2,55,000, மாதக் கடைசியில் இருக்க வேண்டியது 1,60,000. இரண்டையும் கூட்டி, இப்போதுள்ள 1,80,000, சொல்லிவைத்த ஆர்டர் 20,000 இரண்டையும் கழித்தால் 2,15,000. அந்த மாதம் அதற்கு மேல் எடுக்கக் கூடாது. பெரிய கடைகளில் இதை 'ஓப்பன் டு பை' என்பார்கள்.

4. ஸ்கீம் வந்தால்

"பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம்" என்றதும் நானும் தலையாட்டியிருக்கிறேன். 11 பெட்டி, 220 பாக்கெட், ஐந்தரை வாரச் சரக்கு. அது ஐப்பசி. மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்காரும். ஒட்டு விட்ட பாக்கெட்டெல்லாம் நமத்து, ரஸ்க்கை உடைத்தால் சத்தமே வரவில்லை. கடைசி இரண்டு பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளினேன். இலவசப் பெட்டி அதோடு சரியாகிவிட்டது.